லின்டன் லாரூஷ் எந்தப் பக்கம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க அதிபர் பதவிக்கு 1976 முதல் 2004 வரை எட்டு முறை போட்டியிட்ட லின்டன் லாரூஷ் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தோம். டிராட்ஸ்கியவாதியாக (ஸ்டாலினை எதிர்த்த டிராட்ஸ்கியின் வழிவந்த பொதுவுடைமையாளராக) தொடங்கியவர், ரீகனின் விண்வெளி ஆயுதத் திட்டத்துக்குக் கொடிபிடித்தவர், மோசடி வழக்கில் சிறை சென்றவர், 2019 பிப்ரவரியில் 96 வயதில் இறந்தவர் என்ற அளவில் அது முடிந்திருந்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பொதுவுடைமை பேசியவர் எப்படி வலதுசாரி ஆனார்? எந்த ஆண்டில் மாறினார்? (மதுரை வாசகர்)

ஆண்டைச் சுட்டித்தான் ஆகவேண்டும் என்றால் 1973 என்று சொல்லலாம். ஆனால் அதற்கு முந்தைய கதை தெரியாவிட்டால் அந்த ஆண்டு புரியாது.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ராச்செஸ்டரில் 1922இல் ஒரு குவேக்கர் (போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தில் பிறந்தவர் லாரூஷ். 1949இல் சோஷலிஸ்ட் ஒர்க்கர்ஸ் பார்ட்டி என்ற டிராட்ஸ்கியக் கட்சியில் சேர்ந்தார். பிழைப்புக்கு நிர்வாக ஆலோசகர் வேலை. கட்சி வட்டாரத்தில் லின் மார்கஸ் என்ற புனைபெயர். 1960களின் நடுவில் அங்கிருந்து வெளியேறி நியூயார்க்கில் மார்க்சியப் பொருளாதார வகுப்புகள் எடுத்தார். அந்த வகுப்புகளுக்கு வந்து, 1968 கொலம்பியா பல்கலைக்கழகப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர்கள்தான் அவருடைய முதல் தொண்டர்கள். தொழிலாளர் குழுக்களின் தேசிய அமைப்பு என்ற இயக்கம் அவர்களைக் கொண்டே எழுந்தது.

1973 ஏப்ரலில் அவர் 'ஆபரேஷன் மாப்-அப்' அறிவித்தார். அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களுக்குள் தொண்டர்கள் கட்டைகளோடும் நுஞ்சாக்கு என்ற சங்கிலித் தடிகளோடும் புகுந்து அடித்தார்கள். இடதுசாரி உலகத்துக்குத் தாமே ஒற்றைத் தலைமை என்று நிறுவுவதுதான் நோக்கம். விளைவு நேர்மாறாக இருந்தது. மற்ற இடதுசாரிக் குழுக்கள் அத்தனையும் அவருக்கு எதிராக ஒன்றுசேர்ந்து, அந்த உலகத்தின் கதவு அவருக்கு நிரந்தரமாக மூடிக்கொண்டது. புதிய கூட்டாளிகள் தேவைப்பட்டார்கள். 1974க்குப் பிறகு தீவிர வலதுசாரியான லிபர்ட்டி லாபியோடு தொடர்பு ஏற்பட்டது. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பில் இருந்த ராய் ஃபிராங்க்ஹவுசர் பாதுகாப்பு ஆலோசகராக வந்து சேர்ந்தார். 1976இல் யு.எஸ். லேபர் பார்ட்டி என்ற சொந்தக் கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலில் நின்று சுமார் 40,000 வாக்கு வாங்கினார். 1980 தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சிக்காரராக வந்து நின்றார்.

இதை ஒரு மனிதரின் மனமாற்றமாகப் படித்தால் ஒன்றும் பிடிபடாது. 1968இல் மாணவர்கள், 1975இல் வலதுசாரிகள், 1982இல் ரீகன் அரசின் அதிகாரிகள், 1990களில் மாஸ்கோவும் பெய்ஜிங்கும், கடைசியில் டிரம்ப் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். அந்தந்தக் காலத்தில் யாருடைய கவனத்தைத் தேடினாரோ அவர்களுக்குத் தக்கபடியே கொள்கை வளைந்திருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

அப்படியானால் ஐம்பது ஆண்டுகளில் மாறாத கருத்து ஒன்றுகூட இல்லையா? (தஞ்சாவூர் வாசகி)

உண்டு. அவற்றை விட்டுவிட்டு அவரை வெறும் சந்தர்ப்பவாதி என்று தள்ளுவது சரியல்ல.

முதலாவது, உற்பத்தி. பணச்சூதாட்டம் ஒரு நாட்டை அழிக்கும். அணைகள், ரயில் பாதைகள், அணுமின் நிலையங்கள், எந்திரத் தொழில்கள் ஆகியவையே வளர்க்கும் என்ற வாதத்தை மார்க்சியவாதியாக இருந்தபோதும் சொன்னார், பிறகும் சொன்னார். 1974இல் அவருடைய ஆட்கள் அணுக்கரு இணைவு ஆற்றலுக்காகத் தொடங்கிய ஃபியூஷன் எனர்ஜி ஃபவுண்டேஷனுக்கு உண்மையான விஞ்ஞானிகளின் ஆதரவும் கிடைத்தது. 1982இல் கடன் சுமையில் தவித்த மெக்சிகோவின் அதிபர் லோபஸ் போர்ட்டியோவைச் சந்தித்தபின், லத்தீன் அமெரிக்க நாடுகள் கூட்டாகக் கடன் பேரம் பேசவேண்டும் என்று 'ஆபரேஷன் ஹுவாரெஸ்' என்ற திட்டத்தை எழுதினார். படிக்கத் தகுந்த ஆவணம்தான்.

இரண்டாவது, மறைந்திருக்கும் எதிரி. தொடக்கத்தில் அமெரிக்கப் பெருஞ்செல்வர்களான ராக்கஃபெல்லர் குடும்பம், பிறகு பிரிட்டிஷ் பிரபுக்குலம். இங்கிலாந்து அரசிக்கும் உலகப் போதைப்பொருள் வணிகத்துக்கும் முடிச்சுப் போட்டது அவர்களுடைய வெளியீடுகளில் மிகவும் பேர்பெற்ற குற்றச்சாட்டு. எதிரியின் பெயர் மாறியது. எல்லாத் தீமைக்கும் ஒரே சதிக்கூட்டம்தான் காரணம் என்ற அமைப்பு மாறவே இல்லை.

மூன்றாவது, கெடு. இன்னும் சில மாதங்களில் அணுப்போர், இன்னும் சில வாரங்களில் நிதிச் சரிவு என்ற அறிவிப்பு ஓயாமல் வந்துகொண்டிருந்தது. 1976 தேர்தலுக்கு முந்தைய இரவு அரைமணி நேரத் தொலைக்காட்சி நேரத்தை விலைக்கு வாங்கி, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கார்ட்டர் ஜெயித்தால் அணுப்போர் நிச்சயம் என்று எச்சரித்தார். கெடு கடந்து எதுவும் நடக்காதபோது, நாங்கள் எச்சரித்ததால்தான் உலகம் தப்பியது என்று ஆகிவிடும். 1971 ஆகஸ்டில் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை நிக்ஸன் துண்டித்தபோது, முன்கூட்டியே சொன்னவர் எங்கள் தலைவர் என்று தொண்டர்கள் நம்பினார்கள். அந்த ஒன்றை வைத்தே பின்னர் தவறிய கணிப்புகள் அத்தனையும் மன்னிக்கப்பட்டன.

படித்த இளைஞர்கள் இவ்வளவு திருப்பங்களுக்குப் பின்னும் ஏன் விலகவில்லை? (திருநெல்வேலி வாசகர்)

கணிசமானவர்கள் விலகினார்கள். தங்கியவர்கள் தங்கியதற்குக் காரணம் அன்றாட வேலைமுறை.

தினமும் காலையில் உறுப்பினர்களுக்கு ஓர் அறிக்கை வரும். உலக நிகழ்வுகள், அவற்றுக்குத் தலைவர் தந்த விளக்கம், அன்றைய வேலை ஆகியவை அதில் இருக்கும். கொள்கை மாற்றம் இந்த அறிக்கை வழியாக நாளுக்கு ஒரு சிட்டிகையாகத்தான் வந்து சேரும். ஐந்தாண்டு இடைவெளி விட்டுப் படிப்பவருக்குத் தலைகீழ் மாற்றமாகத் தெரிவது, தினமும் படிப்பவருக்கு நேற்றையதன் தொடர்ச்சியாகவே தெரியும். முழுநேரத் தொண்டருக்குப் பழைய இதழ்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க நேரமும் இல்லை.

இன்னொன்று கொடுமையானது. 1973 முதல் உள்கூட்டங்களில் ஓர் உறுப்பினரை நடுவில் உட்காரவைத்து அவருடைய அச்சங்கள், தாயுடனான உறவு, பாலியல் பலவீனங்கள் என்று மற்றவர்கள் குடைந்தெடுக்கும் வழக்கம் நுழைந்தது. உளப்பகுப்பாய்வின் பெயரால் நடந்த இது, ஆளை உடைத்துத் தலைவரைச் சார்ந்தவராக்கியது. அந்த ஆண்டின் இறுதியில், இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் உறுப்பினரை உளவு அமைப்புகள் மூளைச்சலவை செய்து தம்மைக் கொல்ல அனுப்பியிருப்பதாக லாரூஷ் அறிவித்தார். அதன்பின் எதிர்க்கேள்வி கேட்பவர் எவரையும் 'அவரும் அப்படி ஏவப்பட்டவரோ' என்று சந்தேகிக்க இடம் உண்டானது. கருத்து வேறுபாடு நோயாகவோ துரோகமாகவோ பார்க்கப்படும் அமைப்பில், கொள்கை எத்தனை முறை மாறினாலும் தட்டிக்கேட்க உள்ளே ஆள் இருக்காது.

அவர் சிறை சென்றது அரசியல் பழிவாங்கல் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். உண்மையா? (கோயம்புத்தூர் வாசகர்)

அரசு சட்டத்தை மீறிய இடம் ஒன்று உண்டு. ஆனால் மோசடி நடந்தது உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

பணம் திரட்டிய விதம் இது. விமான நிலையங்களில் சிறு மேசை போட்டு, கண்ணைப் பறிக்கும் வாசகத்தோடு ஆட்கள் நிற்பார்கள். அணுசக்தியை எதிர்த்த நடிகை ஜேன் ஃபோண்டாவைத் திமிங்கலங்களுக்குத் தீனியாகப் போடச் சொன்ன வாசகம் அவற்றில் பேர்பெற்றது. நின்று பேசுபவரிடம் பத்திரிகைச் சந்தா வாங்குவார்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் பட்டியலில் ஏறும். பிறகு தொலைபேசிக் குழு அழைக்கும். குழுவில் ஒவ்வொருவருக்கும் இன்று இவ்வளவு என்று இலக்கு உண்டு. முதலில் சிறு நன்கொடை, அடுத்து பெரிய நன்கொடை, அதற்கும் அடுத்து கடன். வட்டியோடு திருப்பித் தருவதாகப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். கடன் கொடுத்தவர்களில் பலர் ஓய்வுபெற்ற முதியவர்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, தவணை தவறியதும் அழைத்துக் கேட்டால் கிடைத்த பதில், நாடு அழியும் தறுவாயில் இருக்கிறது, இன்னும் கொடுங்கள் என்பதே.

அப்படித் திரும்பாமல் நின்ற கடன் 3 கோடி டாலருக்கு மேல். 1986 அக்டோபரில் வர்ஜீனியாவின் லீஸ்பர்க் தலைமையகத்தில் பெரும் சோதனை நடந்தது. 1988 டிசம்பரில் அலெக்ஸாண்ட்ரியா நீதிமன்றம் அஞ்சல் மோசடிக்கும் வருமான வரித்துறையை ஏய்க்கச் சதி செய்ததற்கும் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. தண்டனை 15 ஆண்டு, அனுபவித்தது ஐந்தாண்டு. 1994 ஜனவரியில் வெளியே வந்தார். முன்னாள் அட்டர்னி ஜெனரல் ராம்சே கிளார்க் மேல்முறையீட்டில் வாதாடியும் தீர்ப்பு மாறவில்லை.

அரசின் தவறு வேறோர் இடத்தில். 1987 ஏப்ரலில் அவருடைய பதிப்பு நிறுவனங்களைக் கட்டாயத் திவாலுக்குத் தள்ளி அரசு பூட்டியது. அந்த நடவடிக்கை முறையானதல்ல என்று 1989இல் திவால் நீதிமன்றமே சொல்லிவிட்டது. 'நிறுவனங்களை மூடியதால்தான் கடனைக் கட்ட முடியவில்லை' என்று ஆதரவாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் தவணைகள் தவறத் தொடங்கியது அதற்கு முன்பே. திருப்பித் தர வழியில்லை என்று தெரிந்தே கடன் வாங்கினார்கள் என்பதுதான் வழக்கு. காணொளிகள் பேசாமல் விடுவது அந்த முதியவர்களைப் பற்றி.

இப்படிப்பட்டவரை ஜனநாயகக் கட்சி ஏன் வெளியே தள்ளவில்லை? (சேலம் வாசகி)

தள்ளச் சட்டத்தில் வழி குறைவு. நம் ஊரில் கட்சித் தலைமை கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் சின்னம் கிடைக்காது. அமெரிக்காவில் கட்சி வேட்பாளரை உட்கட்சித் தேர்தலில் பொது வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பல மாநிலங்களில் தேவையான கையெழுத்துகளைத் திரட்டி மனு கொடுத்தால் போதும். தலைமையின் சம்மதம் தேவையில்லை.

அதனால் என்ன விபரீதம் வரும் என்பதை இல்லினாய் மாநிலம் 1986 மார்ச்சில் பார்த்தது. துணை ஆளுநர் பதவிக்கு மார்க் ஃபேர்சைல்டு, மாநிலச் செயலர் பதவிக்கு ஜானிஸ் ஹார்ட் என்ற இரண்டு லாரூஷ் ஆதரவாளர்கள் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வென்றுவிட்டார்கள். கட்சி ஆதரித்த வேட்பாளர்கள் சாங்மைஸ்டர், புசின்ஸ்கி. போட்டியே இல்லை என்று எண்ணிக் கட்சி பிரசாரம் செய்யவில்லை. யாரையும் அறியாத வாக்காளர்கள் வாக்குச்சீட்டில் எளிமையாக ஒலித்த பெயரில் குத்தினார்கள் என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம்.

உண்மையான சிக்கல் சட்டத்தில் இருந்தது. உட்கட்சித் தேர்தலில் ஆளுநருக்கும் துணை ஆளுநருக்கும் தனித்தனி வாக்கு. பொதுத் தேர்தலில் இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. ஆளுநர் வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன் ஃபேர்சைல்டோடு ஒரே சீட்டில் நிற்க மறுத்து, சாலிடாரிட்டி என்ற புதுக் கட்சி தொடங்கி நின்று, குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் தாம்சனிடம் தோற்றார்.

தேசிய அளவில் இன்னொரு வழியும் இருந்தது. 20 மாநிலங்களில் ஒவ்வொன்றிலும் 5,000 டாலர் திரட்டினால், தகுதியான நன்கொடைகளுக்கு இணையாக அரசும் பணம் தரும். கணக்கில் சேர்வது ஒருவரிடமிருந்து 250 டாலர் வரை. அதாவது மாநிலத்துக்கு 20 பேர் வீதம் 400 பேர் முழுத்தொகை கொடுத்தால் வாசல் திறந்துவிடும். மோசடித் தண்டனை பெற்றவர் என்று 1992இல் தேர்தல் ஆணையம் மறுத்தபோதுகூட, வேட்பாளரின் நடத்தையைக் காரணம் காட்டி மறுக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் சொன்னது. கட்சி கடைசியாகப் பிடித்துக்கொண்டது, அதிபர் வேட்பாளரை முடிவுசெய்யும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள் பற்றிய விதியை. 1996இல் கட்சியின் தேசியத் தலைவர் டொனால்ட் ஃபௌலர், லாரூஷுக்குக் கிடைக்கும் பிரதிநிதிகளை ஏற்கவேண்டாம் என்று மாநிலக் கிளைகளுக்கு எழுதினார். லாரூஷ் வழக்குத் தொடுத்துத் தோற்றார். 2000இல் ஆர்கன்சாவில் ஏறத்தாழ 22 சதவீத வாக்கு வாங்கியும் அவருக்கு ஒரு பிரதிநிதிகூடக் கிடைக்கவில்லை.

கிளான் ஆளை வைத்திருந்தவரோடு கறுப்பினத் தலைவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள்? (சென்னை வாசகர்)

கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக நடந்த செல்மா போராட்டத்தில் அடிபட்ட அமீலியா பாய்ன்டன் ராபின்சன், 1984இல் லாரூஷின் மனைவி ஹெல்கா தொடங்கிய ஷில்லர் இன்ஸ்டிட்யூட்டின் துணைத்தலைவரானார். மார்ட்டின் லூதர் கிங்கோடு பணியாற்றிய ஜேம்ஸ் பெவல், 1992இல் லாரூஷ் சிறையிலிருந்தபடியே நின்றபோது துணை அதிபர் வேட்பாளர். கிங்கின் மறைவுக்குப் பின் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தவர்களுக்கு மேடையும் மரியாதையும் கொடுத்து இழுத்துக்கொண்டார்கள் என்றே நினைக்கிறோம்.

அதை வைத்து அவருடைய யூத வெறுப்பை மறைக்க முடியாது. தொடக்கக் காலத் தொண்டர்களில் யூதர்கள் நிறையப்பேர் இருந்தும், 1970களின் இறுதியில் ஹிட்லர் கொன்ற யூதர்களின் எண்ணிக்கையைப் பொய் என்று எழுதினார். அவரை யூத எதிரி என்று குறிப்பிட்டது நியாயமான விமர்சனமே என்று 1980இல் நியூயார்க் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார்.

சுருதியைக்கூட மாற்றச் சொன்னார்களாமே? (திருவையாறு வாசகி)

ஆம். மேற்கத்திய இசையில் 'ஏ' ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்பது இன்றைய பொது அளவு. அதை 432 ஆக்கவேண்டும் என்று ஷில்லர் இன்ஸ்டிட்யூட் 1988இல் மிலானில் இயக்கம் தொடங்கியது. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி 1884இல் 432ஐ ஆதரித்தது உண்மை. உயர்ந்த சுருதி பாடகர்களின் தொண்டையைக் கெடுக்கிறது என்பதும் நியாயமான கவலை. அதனால் ரெனாட்டா டெபால்டி போன்ற பெரிய பாடகர்கள் கையெழுத்திட்டார்கள். இத்தாலிய செனட்டில் மசோதாகூட வந்தது.

கோளாறு அதற்கு மேல் வைத்த தத்துவத்தில். 'சி' ஸ்வரம் 256, அது இரண்டின் எட்டாம் படி, ஆகவே இயற்கையின் விதி என்றார்கள். ஒரு நாளை 86,400 பங்காக மனிதர்கள் பிரித்ததால் வந்தது நொடி. வேறு விதமாகப் பிரித்திருந்தால் 256 வந்திருக்காது. மேலும் 'சி' 256 என்றால் பித்தகோரஸ் முறையில் (ஸ்வர இடைவெளிகளை எளிய பின்னங்களால் கணக்கிடும் பழைய முறை) தான் 'ஏ' 432. ஸ்வரங்களைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரிக்கும் இன்றைய பியானோவின் சமப் பகிர்வில் அது சுமார் 430.5.

இந்தியாவோடு தொடர்பு உண்டா? (புதுச்சேரி வாசகர்)

உண்டு. இரண்டாம் உலகப்போரில் மருத்துவப் பிரிவு வீரராக இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்தார். 1946இல் கல்கத்தாவில் கண்டவையே பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சியில் தமக்கு ஈடுபாடு உண்டாக்கின என்று பின்னாளில் எழுதினார். அவருடைய அமைப்பு இந்தியாவை நாற்பது ஆண்டுகளில் தொழில்வல்லரசாக்கும் திட்டம் ஒன்றை வெளியிட்டது. 1980களின் தொடக்கத்தில் டெல்லி வந்து பிரதமர் இந்திரா காந்தியைச் சந்தித்தார். இந்திரா கொலையுண்டபின் அவர்களுடைய எக்ஸிக்யூட்டிவ் இன்டெலிஜென்ஸ் ரிவ்யூ பத்திரிகை, பின்னணியில் வெளிநாட்டு உளவு அமைப்புகள் என்று ஒரு புத்தகமே போட்டது. திட்டம், சந்திப்பு, சதி விளக்கம் மூன்றும் எங்கே போனாலும் அவர்கள் கையாண்ட வரிசை.

இப்படி ஒரு தலைவரின் போக்கை நாமே எப்படி ஆராய்வது? (ஈரோடு கல்லூரி மாணவி)

தலைவரின் சுயசரிதையை முதலில் எடுக்காதீர்கள், அது கடைசியில். அமைப்பின் சொந்தப் பத்திரிகையில் ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே மாதத்து இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். லாரூஷ் என்றால் நியூ சாலிடாரிட்டி. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்து எதிரி யார், பாராட்டப்படும் ஆட்சியாளர் யார், என்ன நாசம் எத்தனை நாளில் வரும் என்கிறது, வாசகரிடம் என்ன கேட்கிறது (கூட்டத்துக்கு வரவா, சந்தாவா, கடனா) என்று நான்கு பத்திகளில் குறியுங்கள். நான்காவது பத்தி மற்ற மூன்றையும் விளக்கும்.

பெரும்பாலோர் சறுக்குவது சொற்களில். 'ஏகாதிபத்தியம்' 1970இலும் இருக்கும், 1995இலும் இருக்கும். முன்னதில் வால் ஸ்ட்ரீட், பின்னதில் லண்டன். சொல்லை எண்ணாமல் அது யாரைக் குறிக்கிறது என்று எழுதுங்கள். விலகியவர்களின் நினைவுகளை நீதிமன்ற ஆவணங்களோடு ஒப்பிடாமல் எடுத்தாளாதீர்கள். ரீகனின் விண்வெளித் திட்டம் தம்முடையதே என்ற லாரூஷின் உரிமைகோரல்போலத் தலைவர் சொல்வதையும் அப்படியே ஏற்காதீர்கள். ரீகனின் தேசியப் பாதுகாப்புக் குழுவில் இருந்த நார்மன் பெய்லி அவருடைய அமைப்பை உலகின் சிறந்த தனியார் உளவு அமைப்புகளில் ஒன்று என்று புகழ்ந்தது பதிவில் இருக்கிறது. அதிகாரிகள் அவர்களைச் சந்தித்ததும் உண்மை. சந்திப்பிலிருந்து 'திட்டமே என்னுடையது' என்பதுவரை உள்ள தூரத்தை அவர்தான் நிரப்பினார்.

இயக்கம் இன்றும் இருக்கிறதா? (காரைக்குடி வாசகர்)

இரண்டாகப் பிரிந்திருக்கிறது. லாரூஷ் பெயரிலான அரசியல் நிதிக்குழு டிரம்ப் ஆதரவில் ஆழ்ந்தது. ஹெல்கா அதிலிருந்து விலகி, ஷில்லர் இன்ஸ்டிட்யூட்டோடும் லாரூஷ் ஆர்கனைசேஷனோடும் தனியே செயல்படுகிறார். சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தையும் ரஷ்யாவோடு சமரசத்தையும் வலியுறுத்துகிறார். அவர்கள் தரப்பில் டையேன் சேர் 2022இல் நியூயார்க்கிலிருந்து அமெரிக்க செனட்டுக்கு நின்றார். மாநிலம் முழுதும் நிற்கும் சுயேச்சைக்கு அங்கே 45,000 கையெழுத்து வேண்டும்; அதைத் திரட்டி வாக்குச்சீட்டில் பெயரை ஏற்றினார்கள். அவரை எதிர்த்து வென்றவர் சக் ஷூமர்.